இரண்டாம் தரம் எடுத்த பூ

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் கட்டாயம் நடக்கும். காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றுவது ஒன்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பதா, கடைசி நாள் மட்டும் பிடிப்பதா என்று மனைவியோடு வாதாடுவது மற்றது. விரத வாதத்தில் ஒவ்வொரு வருடமும் நான் தோற்பேன். சில்லு மாற்றுவதில் இன்னும் தோற்கவில்லை, ஆனால் இடுப்புக்குத்தான் அது தெரியும்.

இந்த வருடம் ஊரெல்லாம் தேர்தல் வேறு. விளக்குக் கம்பங்களில் எல்லாம் முகங்கள். பிராண்டேக்கு வேலைக்குப் போகும் இருபது நிமிட ஓட்டத்தில் ஒரு நூறு பேராவது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். போன சனிக்கிழமை அந்தச் சிரிப்புகளைக் கடந்து வீட்டுக்கு வந்து, கராஜைத் திறந்து, சில்லுகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். நாலாவது சில்லு இடித்துப் பின்னால் நின்ற பழைய பலகை சரிய, அதற்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்ற ஒரு கட்டு, தொப்பென்று என் காலில் விழுந்தது.

பழைய ரப்பர் மணத்தோடு இன்னொரு மணமும் வந்தது. கடதாசியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடாக்கி ஒட்டும்போது வருமே, அந்த மணம். அத்தனை வருடம் அது அங்கே தங்கியிருந்ததா, எனக்குத்தான் அப்படிப் பட்டதா தெரியவில்லை. மேலே இருந்த படத்தில் என் மகள் மிதுனா. பதினைந்து வயது, பல்லில் கம்பி. கீழே டேனிஷில், "இரவு எட்டு மணிக்கும் பஸ் வேண்டும்." மழைக்கறையும், கம்பத்தில் கட்டிய நாடாவின் தழும்பும் அதில் இருந்தன.

அதற்குக் கீழே இன்னொரு பிள்ளையின் படங்கள் நாலு. ஆரணி. "படிக்க ஓர் அமைதியான அறை" என்று எழுதியிருந்தது. அந்த நாலிலும் ஒரு கறை இல்லை, ஒரு தழும்பு இல்லை. ஒரு கம்பத்திலும் ஏறாத படங்கள்.

நான் சில்லின் மேல் இருந்துவிட்டேன். மனைவி குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "இடுப்பு பிடிச்சிட்டுதோ?" என்றாள். ஓம் என்று சொன்னேன். அது சுகமான பதில்.

தேர்தல் என்றால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. பிறந்த ஊரில் எனக்கு வாக்குப் போடும் வயது வந்தபோது, வாக்குப் போடும் காலமாக அது இருக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் காலம். இங்கே வந்து சில வருடங்களில், இந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைக்கும் முன்னரே, கொமூன் என்கிற நகரசபைத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். விளையாட்டு மண்டபத்துக்குள் வியர்வை மணமும் கோப்பி மணமும். மற்றவர்கள் எல்லாம் தோட்ட உடுப்போடு வந்திருந்தார்கள். ஒரு அம்மா என் பிறந்த திகதியைக் கேட்டுவிட்டுப் பாயளவு நீளத்தில் ஒரு தாளைத் தந்தா. திரைக்குப் பின்னால் நின்று தேடியதில் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று, என் பல் வைத்தியருடையது. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது கை நடுங்காத மனிதர். ஊரையும் நடுங்காமல் பார்ப்பார் என்று அவருக்கே புள்ளடி கீறினேன். வெளியே வந்து கோட்டுப் பையில் இருந்த திருநீற்றைப் பூசிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். பெரிய காரியம் செய்தால் பூசுவது எனக்குப் பழக்கம்.

ஆகவே எட்டு வருடங்களுக்கு முந்திய ஒரு பின்னேரம், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மிதுனா வாயில் புட்டோடு, "அப்பா, நான் எலெக்சனிலை நிக்கப்போறன்" என்று சொன்னபோது என் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. அதையும் தமிழில் சொன்னாள். வழக்கமாக நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள்.

"முதல்லை கோப்பையைக் கழுவிப்போட்டு நில்லு" என்றாள் தாய்.

கொமூனில் இளையோர் சபை என்று ஒன்று இருந்தது. உங்கரோட் என்பார்கள். பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வரையுள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே வாக்குப் போடுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடம். தெரிவாகிறவர்கள் மாதம் ஒருமுறை கொமூன் கட்டடத்தில் கூடி, பஸ், மைதானம், பள்ளிச் சாப்பாடு என்று தங்கள் குறைகளைப் பெரிய சபைக்குச் சொல்லுவார்கள். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. நீச்சலுக்குப் போகும் பிள்ளைகள் தாய் தகப்பன் வந்து ஏற்றும்வரை குளிருக்குள் நிற்க வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறேன் என்றாள்.

பள்ளியிலிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்தது. என் டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ். காற்றாலைச் சிறகுக்குப் பிசின் தடவுகிறவனுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் தெரியும், மிச்சம் கொஞ்சம் இழுபறி. முதல் பக்கத்தில் தேர்தல் என்ற சொல்லையும் மகளின் பெயரையும் கண்டேன். அது போதும் என்று காந்தம் வைத்துப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். இரண்டாம் பக்கம் பிரிட்ஜைப் பார்த்தபடியே இருந்தது.

வேலையில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னோடு நிற்கும் பெண்ட் என்ற டேனிஷ்காரர், "உன் மகள் பிரதமராக வந்தால் எங்கள் இடைவேளையைக் கூட்டச் சொல்லு" என்றார். சிரித்தேன், ஆனால் பகல் முழுவதும் பிசின் மணமே பன்னீர் மாதிரி இருந்தது.

படங்களை எங்கள் குசினி மேசையில்தான் செய்தார்கள். செய்தார்கள் என்கிறேன், ஏனென்றால் ஆரணியும் கூட இருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் நேசனின் மகள். மூன்று வயதில் பாலர் பள்ளியில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தது, பதினைந்து வயதுவரை விடவில்லை. உதவிக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் மேசையில் அவளுடைய முகமும் காய்ந்துகொண்டிருக்கிறது.

"நீயுமோ பிள்ளை?"

"ஓம் மாமா. ரண்டு பேரும்."

"அப்ப ஆருக்கு ஆர் போடுறது?"

"நான் மிதுவுக்கு. மிது எனக்கு."

இரண்டு பேரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் வேலையில் சிரிப்பு வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் வாக்குப் போடும் வயதில் எங்கள் பிள்ளைகள் பதினாலு பேர். இரண்டாகப் பிரித்தால் ஏழு. நடுவால், அதே இடத்துக்கு நின்ற டேனிஷ் பெடியன், கைப்பந்துக் குழுத் தலைவன், நுழைந்து போய்விடுவான். பெடியன் நல்லவன்தான், எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டவன். ஆனால் கணக்கு கணக்குத்தானே.

மனைவியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏனப்பா, தமிழ்ப் பிள்ளையள் மட்டுமே எங்கடை பிள்ளைக்குப் போடப்போகினம்? அவளுக்கு எவ்வளவு டேனிஷ் சிநேகிதம். விடுங்கோ, அவையள் பாத்துக்கொள்ளுவினம்."

அவள் சொன்னது சரி. ஆனால் எங்கள் ஆட்கள் இருவர் ஓரிடத்துக்கு நின்றால் பெரியவர்கள் கூடிக் கதைத்து ஒருவரை இருத்துவதுதான் நான் கண்ட வழக்கம். சங்கத் தலைவர் தெரிவானாலும் சரி, திருவிழா உபயமானாலும் சரி. வெளியில் தெரியாமல் உள்ளுக்குள் முடிப்பது. அதை ஒற்றுமை என்று சொல்லுவோம்.

அப்போது எங்கள் பிள்ளையார் ஒரு பழைய தச்சுப் பட்டறையில் வாடகைக்கு இருந்தார். எத்தனை கட்டி கர்ப்பூரம் கொளுத்தினாலும் அடியில் மரத்தூள் மணம் இருக்கும். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிற ஐயர் வெள்ளிப் பின்னேரம் வந்து பூசை வைப்பார். பூ எடுப்பதும் மாலை கட்டுவதும் என் பொறுப்பு. அந்த வெள்ளிக்கிழமை சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நேசனைப் பிடித்தேன்.

"சின்னனுகள்தானே அண்ணை, ரண்டு பேரும் நிக்கட்டுமே" என்றான் முதலில்.

"நிக்கலாம். ரண்டு பேரும் தோக்கவும் செய்யலாம்."

அவன் சப்பாத்துக் கயிற்றைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டினான்.

"நான் சொல்லுறன், நீ சொல்லுறாய் எண்டு வேண்டாம்" என்றேன். "பிள்ளையாரிட்டை விடுவம். பூக்கட்டிப் பாப்பம்."

"உங்கடை விருப்பம் அண்ணை."

நேசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடக்கே ஸ்கீவ பக்கம் வேலையில்லாமல் இருந்தவனை எங்கள் ஊருக்குக் கூப்பிட்டு, மேற்பார்வையாளரிடம் கதைத்து, என் பக்கத்திலேயே வேலைக்கு நிறுத்தியவன் நான். என் காரில்தான் கார் ஓட்டப் பழகினான். ஆரணி பிறந்தபோது, பனி கொட்டிய நாளில் அவன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தக் கார்தான். இவற்றை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டத் தேவையே இருக்கவில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

கடையில் வாங்கிய செவ்வந்தியில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. கேக் வைக்கும் தாளில் ஒரே அளவாகச் சுற்றினேன். வெள்ளை என் மகளுக்கு, சிவப்பு ஆரணிக்கு. ஒன்று கூட, ஒன்று குறைய என்று இல்லாமல் மடித்தேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளையாரின் காலடியில் வைத்தோம். ஒன்றும் அறியாத குழந்தை எடுக்க வேண்டும் என்பது முறை. பூசைக்கு வந்த குடும்பமொன்றின் நாலு வயதுப் பிள்ளை சாயியைக் கூப்பிட்டேன். பனி உடுப்பைக்கூட இன்னும் கழற்றாமல், பொம்மை மாதிரி அசைந்து அசைந்து வந்தாள். ஒரு பொட்டலத்தைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

பிரித்தேன். சிவப்பு.

ஐயர் பார்த்தார். நேசன் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். கண்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"ஐயா இன்னும் தீபம் காட்டேல்லை" என்று என் வாய் சொன்னது. "தீபம் காட்ட முதல் எடுத்திட்டுது. அது கணக்கில்லை."

ஐயர் தீபத்தை எடுத்துக் காட்டினார். நான் திரும்பச் சுற்றி வைத்தேன். சாயி திரும்ப எடுத்தாள். வெள்ளை.

"பிள்ளையார் சொல்லிப்போட்டார்" என்றான் நேசன். அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெளியில் வந்து கார்க் கண்ணாடியில் பிடித்த பனியை நான் சுரண்டியபோது, என்னைக் கேட்காமலே மற்றப் பக்கத்தை அவன் சுரண்டித் தந்தான்.

திங்கட்கிழமை ஆரணி விலகிவிட்டாள். கணக்குச் சோதனை இருக்கிறது என்று மிதுனாவிடம் சொல்லியிருக்கிறாள். மிதுனா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஆரணி இல்லாமலே போய்ப் படங்களைக் கம்பங்களில் கட்டினாள். ஏணியைப் பிடித்தது நான். ஆரணியின் படங்களைக் கராஜில் வைத்ததும் நான்.

மிதுனா வென்றாள். பெடியனைவிட நல்ல எண்ணிக்கையில் கூட. அந்த எண்ணிக்கையைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், பதினாலு பேரை வைத்து நான் போட்ட கணக்கு எவ்வளவு சின்னக் கணக்கு என்று. விளங்கவில்லை. பிள்ளையாருக்கு மோதகம் அவித்தோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வடை, பாயாசம். தெரிந்த நாலைந்து குடும்பம். நேசனும் மனைவியும் வந்தார்கள். ஆரணிக்குத் தலையிடி என்றார்கள்.

சாயி பாயாசக் கோப்பையோடு மிதுனாவின் மடியில் ஏறினாள்.

"அக்கா, உங்களுக்கு நான்தான் பூ எடுத்தனான்!"

"என்ன பூ, செல்லம்?"

"பிள்ளையாரிட்டை. ரண்டு தரம் எடுத்தனான்."

மிதுனா என்னைப் பார்த்தாள். நான் அகப்பையோடு நின்றபடி பூக்கட்டிப் பார்த்ததைச் சொன்னேன். வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக எனக்கு அப்போது தெரியவில்லை. பெருமையாகவே சொன்னேன். பெரியவர்கள் நாங்கள் சாமியிடம் விட்டோம், சாமி உன்னைக் காட்டினார் என்று.

"ஆரணி அதாலையோ விலகினவள்?"

"சின்ன விசயம் பிள்ளை, விடுங்கோ" என்றான் நேசன்.

"ஏன் ரண்டு தரம்?"

"தீபம் காட்ட முதல் எடுத்திட்டுது" என்றேன். "சின்னப்பிள்ளைதானே."

நேசன் தன் கோப்பையில் இருந்த வடையைச் சிறு துண்டுகளாகப் பிய்த்தான். ஒரு துண்டையும் வாயில் வைக்கவில்லை.

மிதுனா எழும்பிப் போய்ப் பிரிட்ஜில் இருந்த கடிதத்தைக் கொண்டுவந்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். கோபம் வந்தால் டேனிஷில்தான் பொரிவாள். அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கட்டும் என்று, தமிழைத் தேடித் தேடி வாசித்தாள். "கூட வாக்கு எடுக்கிற ஆள் சபைக்குப் போவார். ரண்டாவதா வாற ஆள் அவருக்குப் பதிலாள். ரண்டு பேரும் கூட்டத்துக்கு வரலாம்." கடிதத்தை மேசையில் வைத்தாள். "நாங்கள் ரண்டு பேரும் போறதுக்குத்தான் ரண்டு பேரும் நிண்டனாங்கள், அப்பா."

பாயாசம் ஆறிக்கொண்டிருந்தது.

"சாமியிட்டைக் கேட்டனீங்கள். எங்களிட்டை ஏன் கேக்கேல்லை?"

அவள் குளிருடுப்பைக் கொழுவிக்கொண்டு சைக்கிளில் ஆரணி வீட்டுக்குப் போனாள். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என்ன நடந்தது என்று தாயிடம்தான் பிறகு சொல்லியிருக்கிறாள். ஆரணி கதவைத் திறந்தாளாம், உள்ளே வரச் சொல்லவில்லையாம். "உன்ரை அப்பா கேட்டா என்ரை அப்பாவாலை இல்லை எண்டு சொல்லேலாது. இது உனக்குத் தெரியாதோ?" என்று கேட்டாளாம். மிதுனாவுக்குத் தெரியாது. நேசனுக்குத் தெரியும், ஆரணிக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

முதல் கூட்டத்துக்கு முன்னமே மிதுனா இடத்தை விட்டுக்கொடுத்து எழுதினாள். அடுத்ததாக வந்த கைப்பந்துப் பெடியன் போனான். அவன் வீடு பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே. பஸ் அவனுக்குத் தேவையில்லை. அவன்மேல் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த கோடை விடுமுறையில் நேசன் குடும்பம் தலைநகரத்துப் பக்கம், புரொண்பிக்கு இடம்மாறியது. பிள்ளையின் படிப்புக்கு என்றான். சாமான் ஏற்ற வந்த வானுக்குள் பிரிட்ஜைத் தூக்கி வைக்க நான்தான் மற்றப் பக்கம் பிடித்தேன். ஆரணி வானுக்குள் முன்னாலேயே ஏறி இருந்துவிட்டாள். மிதுனா அன்றைக்கு நீச்சலுக்குப் போயிருந்தாள். வான் கதவைச் சாத்திவிட்டு நேசன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, அந்த முதல் பூ..."

வான் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லை, ஒண்டுமில்லை. வெயில் ஏறுது, உள்ளுக்கை போங்கோ."

பிள்ளையார்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதற்கு முதல் தரமே பதில் சொல்லிவிட்டார். திருப்பிச் சொல்லும்படி அவரை வருத்தியவன் நான். தீபம் காட்டவில்லை என்ற சாக்குப்போக்கை எங்கிருந்து எடுத்தேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று ஐயரிடம் கேட்கவும் பயம். அதற்குப் பிறகு கோவிலில் யாராவது, "அண்ணை, நீங்கள்தானே நல்லாப் பூக்கட்டுவியள், ஒருக்காப் பாப்பமே" என்று வந்தால், நான் சப்பாத்தைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

தச்சுப் பட்டறை இப்போது பாரம் தூக்கி உடம்பு வளர்க்கும் இடம். பிள்ளையார் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். ஐயர் ஓட்டிய பஸ்ஸும் இல்லை. எட்டு மணி பஸ் கேட்டோம், ஆறு மணி பஸ் ஐந்தானது, பிறகு தடமே நின்றுவிட்டது. தரிப்பிடத்துக் கூரையைக் கழற்றிக்கொண்டு போனார்கள், சீமெந்தில் நாலு இரும்பு ஆணிகள் மட்டும் நிற்கின்றன. இளையோர் சபையையும் நிற்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இந்த முறை கம்பங்களில் சிரிக்கிற நூறு பேரில் எங்கள் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மிதுனா இப்போது ஓகூஸ் நகரத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தபோது கட்டு அகப்பட்டதைச் சொன்னேன்.

"ஆரணியின்ரையும் கிடக்கோ?"

"ஓம். நாலு."

"எறிஞ்சுபோடாதேங்கோ."

அப்போது சொல்லியிருக்கலாம். முதல் தரம் சிவப்பு என்று மூன்று சொல். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டன். அப்பா, நான் வீடு மாறிட்டன். போன மாசம்."

இப்படித்தான். கார் ஓட்டும் சோதனை பாஸ் பண்ணிய பிறகு சொன்னாள். வேலையை விட்டு, புது வேலையும் எடுத்த பிறகு சொன்னாள். அன்பில் ஒரு குறையும் இல்லை. தாய்க்குக் கம்பளி மேற்சட்டை வாங்கி அனுப்புவாள், என் இடுப்புக்கு மருந்து கேட்டு எழுதுவாள். ஆனால் எங்களிடம் வருவதெல்லாம் நடந்து முடிந்த செய்திகள். வாயில் புட்டோடு என் முகத்தைப் பார்த்து, இனிமேல் செய்யப்போவதை முதலில் எனக்குச் சொன்ன பிள்ளை, அந்தக் குசினி மேசைக்குத் திரும்பி வரவேயில்லை.